சத்தத்துக்கு இடம் கிடைத்த கதை

கணினியையும் டிவியையும் ஒரே ஒரு கேபிளால் இணைத்தால் போதும், படமும் வருகிறது, சத்தமும் வருகிறது. இன்றைக்கு இதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் கொஞ்ச வருடங்களுக்கு முன்னால் படத்துக்கு நீல முனை வைத்த தடிமனான கேபிள் ஒன்று, சத்தத்துக்கு மெல்லிசான ஒயர் ஒன்று என்று இரண்டு வேண்டும். ஒயரை மறந்துவிட்டால் ஹீரோ டிவியில் வாயசைப்பார், வசனம் கணினியில் கேட்கும் :-)

இரண்டும் எப்படி ஒன்றாயின? தொழில்நுட்பம் வளர்ந்தது, அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதல் வேடிக்கை, ஆரம்பத்தில் ஒரே கேபிள்தான் இருந்தது! 1982-ல் வந்த காமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளுக்கு டிவிதான் திரை. அந்தக் கணினி ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் மாதிரி வேலை செய்யும். அதன் கேபிளை டிவியில் ஆண்டெனா சொருகும் இடத்தில் சொருகி, ஒரு சேனலை ட்யூன் செய்தால் படமும் சத்தமும் சேர்ந்தே வரும். என்ன, எழுத்துகள் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்கார்ட் என்ற 21 முனை இணைப்பு 1980 முதல் அங்கே விற்கும் புதிய டிவிகளில் கட்டாயம் என்று சட்டமே போட்டார்கள். படமும் ஸ்டீரியோ சத்தமும் ஒரே கேபிளில். பிறகு அது ஐரோப்பா முழுக்கப் பரவியது.

அப்புறம் ஏன் பிரிந்தன? 1987-ல் ஐ.பி.எம். தன் பி.எஸ்/2 கணினிகளோடு வி.ஜி.ஏ. இணைப்பைக் கொண்டுவந்தது. அது அலுவலக மேஜைக்கான கணினி. எழுத்தும் வரைபடமும் பளிச்சென்று தெரிய வேண்டும், அதுதான் கவலை. சத்தம் என்றால் பெட்டிக்குள்ளிருந்து வரும் "பீப்" மட்டும்தான். அதனால் வி.ஜி.ஏ.வின் 15 முனைகளில் ஒன்றுகூட சத்தத்துக்கு ஒதுக்கப்படவில்லை. பின்னால் பாட்டும் விளையாட்டும் வந்தபோது சத்தம் தனி கார்டு, தனி ஒயர் என்று தன் வழியில் போய்விட்டது.

1999-ல் டிஜிட்டல் இணைப்பான டி.வி.ஐ. வந்தது. அதை உருவாக்கியவர்கள் இன்டெல், சிலிக்கான் இமேஜ், காம்பாக், ஃபுஜிட்சு, ஹெச்.பி., ஐ.பி.எம்., என்.இ.சி. கிட்டத்தட்ட எல்லோரும் கணினி உலகத்துக்காரர்கள். மானிட்டரை மனதில் வைத்துத்தான் வேலை செய்தார்கள். எனவே இதிலும் சத்தம் கிடையாது. இத்தனைக்கும் அந்தக் கேபிளுக்குள் இடம் காலியாகவே கிடந்தது!

அது என்ன இடம்? பழைய பெட்டி டிவியின் பிக்சர் ட்யூபில் ஓர் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரி வரியாகப் படத்தை வரையும். நாம் நோட்டில் ஒரு வரி எழுதி முடித்ததும் கையை மறுபடி இடப்பக்கம் கொண்டு வருகிறோம் அல்லவா, அதே மாதிரி அந்தக் கற்றையும் திரும்பி வர வேண்டும். பக்கம் முடிந்தால் கீழிருந்து மேலே போக வேண்டும். அந்த நேரத்தில் எதுவும் வரையக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும், ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு வெற்று நேரம் விட்டார்கள். எல்.சி.டி. திரையில் கற்றையே இல்லை. ஆனாலும் அந்த வெற்று நேரம் பழக்கமாகத் தொடர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920 x 1080 புள்ளிகள் கொண்ட படத்துக்கு வழக்கமான கணக்கில் 2200 x 1125 புள்ளிகளுக்கான நேரம் ஒதுக்கப்படுகிறது. அதாவது மொத்த நேரத்தில் சுமார் 16 சதவீதம் காலி. நொடிக்கு 60 படங்கள் என்றால் படத்துக்கு மட்டும் சுமார் 300 கோடி பிட்கள் வேண்டும். சிடி தரத்தை ஒட்டிய ஸ்டீரியோ சத்தத்துக்கு வெறும் 15 லட்சம் பிட்கள் போதும். யானை போகும் பாதையில் எறும்புக்கு இடம் இருக்காதா என்ன?

2002 டிசம்பரில் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹிட்டாச்சி, மட்சுஷிடா, ஃபிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா, கூடவே டி.வி.ஐ.யில் இருந்த அதே சிலிக்கான் இமேஜ். பெயர்களைப் பாருங்கள், இந்த முறை டிவி தயாரிப்பாளர்கள்தான் அதிகம்! அவர்கள் வெளியிட்ட எச்.டி.எம்.ஐ., டி.வி.ஐ.யின் அதே டிஜிட்டல் முறைதான். ஆனால் வெற்று நேரத்தில் சத்தத்தைப் பொட்டலம் பொட்டலமாகப் போட்டு அனுப்பியது. நோட்டில் மார்ஜினில் எழுதுவது மாதிரி! எட்டு சேனல் சத்தம் வரை அதிலேயே அடங்கியது.

டி.வி.ஐ. கணினியை எச்.டி.எம்.ஐ. டிவியோடு ஒரு சாதாரண மாற்று கேபிளால் இணைத்தால் படம் வந்து சத்தம் வராமல் போவதன் ரகசியமும் இதுதான். கணினி அந்த மார்ஜினைக் காலியாகவே அனுப்புகிறது. 2007-ல் வந்த ரேடியான் எச்.டி. 2000 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளில் சத்தத்துக்கான சுற்றும் உள்ளேயே சேர்க்கப்பட்டது. 2012-ல் 35 டாலர் ராஸ்பெர்ரி பை-யில்கூட எச்.டி.எம்.ஐ. வந்துவிட்டது.

நல்ல முடிவு என்று இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கதையில் இன்னொரு ஆளும் இருக்கிறார்: ஹாலிவுட். முழுத் தரப் படம் டிஜிட்டலாக ஒரே கேபிளில் போனால் யாராவது நகல் எடுத்துவிடுவார்களே? அந்தப் பயத்துக்காக இன்டெல் 2000-ல் எச்.டி.சி.பி. என்ற பூட்டை உருவாக்கியது. 2005-ல் ஐரோப்பாவில் டிவிகளுக்கு "எச்.டி. ரெடி" முத்திரை வேண்டுமென்றால் இந்தப் பூட்டும் இருந்தாக வேண்டும் என்றார்கள். காசு கொடுத்து ப்ளூ-ரே வட்டு வாங்கியவர், மானிட்டரில் இந்த வசதி இல்லாவிட்டால் டி.வி.ஐ. வழியாகப் படம் பார்க்க முடியாது.

பூட்டு தாங்கியதா? நீல்ஸ் ஃபெர்குசன் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் அதை உடைக்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக 2001-லேயே சொன்னார். அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து அதை வெளியிடவில்லை. 2010-ல் தலைமைச் சாவியே இணையத்தில் கசிந்தது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. ஆனால் பூட்டு மட்டும் கேபிளை விட்டுப் போகவில்லை.

பிரச்சினை பூட்டோடு முடியவில்லை. லினக்ஸுக்கான திறந்த மூல டிரைவரில் எச்.டி.எம்.ஐ. 2.1 வசதியைச் சேர்க்க ஏ.எம்.டி. முன்வைத்த யோசனையை எச்.டி.எம்.ஐ. அமைப்பு ஏற்கவில்லை என்ற செய்தி 2024-ல் வெளியானது. கேபிள் நம் கையில், கணினியும் நம் கையில், ஆனால் அது எப்படிப் பேச வேண்டும் என்பதை முடிவு செய்வது வேறு யாரோ.

எனக்குப் புரிந்தது இதுதான். சத்தத்துக்கான இடம் கேபிளில் முன்பே இருந்தது. கணினிக்காரர்கள் கூடிப் பேசியபோது அது காலியாகக் கிடந்தது. டிவிக்காரர்கள் சேர்ந்ததும் சத்தம் வந்தது. படக்காரர்கள் கேட்டதும் பூட்டு வந்தது. பார்க்கிறவர்களாகிய நம்மை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. ஒருவேளை கூப்பிட்டிருந்தால், அந்தக் கேபிளில் என்ன இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.