சிபியு நகரத்துக் கலைக்கூடம்

ஐரோப்பாவின் கலைக்கூடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பாரிஸ் மாநகரத்து லூவரும் லண்டன் மாநகரத்துத் தேசியக் கலைக்கூடமுமே முதற்கண் நம் நினைவுக்கு வரும். அவற்றின் பின்னே பேரரசுகளின் செல்வமும் தலைநகரின் பெருமையும் இருந்தன. ஆனால் ருமேனியா நாட்டில், தலைநகரான புகாரெஸ்ட்டினின்றும் விலகி, கார்பேத்திய மலைகளுக்கு வடக்கே அமைந்த சிபியு என்னும் நகரில், ஒரு தனி மனிதர் திரட்டிய ஓவியங்கள் 1817ஆம் ஆண்டிலேயே பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. லண்டன் தேசியக் கலைக்கூடம் தோன்றியது அதற்கு 7 ஆண்டுகளுக்குப் பின்னரே. கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் அருங்காட்சியகம் நிறுவப்பெற்ற 1814ஆம் ஆண்டுக்கு 3 ஆண்டுகள் பிற்பட்டது சிபியு. கலைச்செல்வம் எவருக்கு உரியது என்னும் வினாவை இக்கூடத்தின் வரலாறு இரு நூற்றாண்டுகளாக எழுப்பி வந்திருக்கிறது.

சிபியு அடங்கிய டிரான்சில்வேனியா, பல மொழியினர் கலந்து வாழும் நிலப்பகுதி. ருமேனியர், ஹங்கேரியர் ஆகியோருடன், 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய மன்னரின் அழைப்பை ஏற்றுக் குடியேறிய ஜெர்மானியரும் அங்கே வாழ்ந்தனர். சாக்ஸன்கள் எனப் பெயர் பெற்ற அவர்கள், தாய்நாட்டினின்றும் நெடுந்தொலைவு வந்த பின்னும், தம் மொழியையும் பள்ளிகளையும் தேவாலயங்களையும் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். சிபியு நகருக்கு அவர்கள் இட்ட பெயர் ஹெர்மன்ஸ்டாட்.

அக்குடியில் 1721ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் வான் புருக்கெந்தால். ஜெர்மனியில் கல்வி கற்றுத் திரும்பிய அவர், வியன்னா நகரில் அரசி மரியா தெரஸாவின் நம்பிக்கைக்கு உரியவரானார். கத்தோலிக்க அரசவையில் புராட்டஸ்டன்ட் ஒருவர் உயர் பதவி எய்துவது எளிதன்று. எனினும் அவர் 1777 முதல் 1787 வரை டிரான்சில்வேனியாவின் ஆளுநராக விளங்கினார். வியன்னாவில் வாழ்ந்த காலத்திலேயே ஓவியங்களை வாங்கிச் சேர்த்த அவர், சிபியுவின் பெரிய சதுக்கத்தில் மாளிகை ஒன்று எழுப்பி, அவற்றை அங்கே கொணர்ந்தார். ஓவியங்களோடு நூல்களும் நாணயங்களும் சேர்ந்தன. ஹோமியோபதி மருத்துவத்தின் தந்தையெனப் பின்னாளில் புகழ்பெற்ற ஹானிமன், இளமையில் புருக்கெந்தாலின் நூலகத்தைப் பேணும் பணியில் அமர்ந்திருந்தார் என்பது நம் நாட்டினர்க்குச் சுவையான செய்தியாகும்.

புருக்கெந்தால் 1803ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எழுதிவைத்த உயில் இரு செய்திகளைக் கூறிற்று. ஒன்று, தொகுப்பு பொதுமக்களின் பார்வைக்குத் திறக்கப்பட வேண்டும். மற்றொன்று, ஆண் வழித்தோன்றல் அற்றுப்போகுமாயின், அது சிபியு நகரத்து லூதரன் திருச்சபையின் உயர்நிலைப் பள்ளியைச் சேர வேண்டும். 1872ஆம் ஆண்டில் அந்த வழி அற்றுப்போயிற்று. பள்ளி உரிமை பெற்றது. செல்வர் ஒருவரின் உடைமை ஊரின் பொதுச் சொத்தாயிற்று.

அத்தொகுப்பின் அருமையை ஒரு சிறிய ஓவியத்தைக் கொண்டே உணரலாம். ஒரு சாண் உயரமே உடைய மரப்பலகையில், நீலத் தலைத்துணி அணிந்த மனிதர் ஒருவர், கையில் மோதிரம் ஏந்தி நம்மை நோக்குகிறார். அவர் பொற்கொல்லரோ, மணம் பேசிய மணமகனோ என்று அறிஞர் பலவாறு கூறுவர். ஓவியர் டியூரரின் எழுத்துச் சின்னத்தைப் பிற்காலத்தார் யாரோ அதன்மேல் இட்டுவிட்டமையால், நெடுங்காலம் அது டியூரரின் படைப்பென்றே எண்ணப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான், ஏறத்தாழ 1430ஆம் ஆண்டில் யான் வான் ஐக் தீட்டியது அது என்னும் உண்மை புலனாயிற்று. ஹான்ஸ் மெம்லிங் வரைந்த உருவப்படங்களும், அன்டோனெல்லோ தா மெஸ்ஸினா தீட்டிய சிலுவைக் காட்சியும் இக்கூடத்தின் ஏனைய மணிகள். ஏரோது மன்னன் ஏவிய குழந்தைப் படுகொலையைப் பனி மூடிய பிளாண்டர்ஸ் கிராமத்தில் நிகழ்வதாகக் காட்டும் புரூகெல் குடும்பத்து ஓவியமும் இங்குண்டு.

இம்மணிகளே பின்னர் ஊரை விட்டுப் பிரிய நேர்ந்தது. 1948ஆம் ஆண்டில் கம்யூனிஸ்ட் அரசு கலைக்கூடத்தை நாட்டுடைமையாக்கிற்று. தலைநகரில், முன்னாள் அரசமாளிகையில் தேசியக் கலைக்கூடம் ஒன்றை அமைக்க முற்பட்ட அரசு, சிபியுவின் தலைசிறந்த 19 ஓவியங்களை அங்கே கொண்டுசென்றது. நாட்டின் பெருமை தலைநகரில் திரள்வதே முறை என்று வாதிட இடமுண்டு. அங்கே காண்போர் தொகையும் மிகுதி. ஆயினும், ஓர் ஊரார்க்கென நன்கொடையாளர் விட்டுச்சென்றதை அவ்வூரினின்றும் பெயர்ப்பது, கொடையின் பொருளையே பெயர்ப்பதாகும். 1968ஆம் ஆண்டில் மற்றுமோர் இழப்பு நேர்ந்தது. கள்வர் 8 ஓவியங்களைக் கவர்ந்து சென்றனர். அவற்றுள் 4 ஓவியங்கள் 30 ஆண்டுகள் கழித்து, 1998இல், அமெரிக்காவிலிருந்து மீண்டன.

தலைநகர் சென்ற 19 ஓவியங்கள் திரும்பிவர 58 ஆண்டுகள் ஆயின. 2007ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகச் சிபியு தெரிந்தெடுக்கப்பெற்ற வேளையில், 2006ஆம் ஆண்டின் இறுதியில் அவை மாளிகையின் சுவர்களுக்கு மீண்டன. கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்தபின், திருச்சபையின் உரிமையும் மீண்டும் ஏற்கப்பட்டது.

ஆனால் ஓவியங்கள் வீடு திரும்பியபோது, அவற்றைப் பேணிய மக்களுள் பெரும்பாலோர் அங்கே இல்லை. 1977ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ருமேனியாவில் ஏறத்தாழ 3,59,000 ஜெர்மானியர் இருந்தனர், 1992ஆம் ஆண்டில் அத்தொகை 1,19,000 அளவாயிற்று, பின்னும் குறைந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்குமுன் வந்தவர்களின் வழியினர், முன்னோர் விட்டு வந்த ஜெர்மனிக்கே மீண்டனர். இன்று அம்மாளிகையின் படிகளில் ஏறும் சிபியு நகரத்தார் பெரும்பாலும் ருமேனியர். புருக்கெந்தாலின் மொழியை அவர்கள் பேசுவதில்லை. எனினும் அவர் ஊரில் வாழ்பவர்கள் அவர்களே. உயில் குறிப்பிட்ட பொதுமக்கள் என்னும் சொல்லுக்கு இன்று உரியவர்களும் அவர்களே.

பிறந்த மண்ணினின்றும் வந்து வேறு மண்ணில் வேரூன்றிய மக்கள், தமக்கெனப் பள்ளியும் கோயிலும் கழகமும் அமைத்துக்கொள்வது இயல்பு. தம்மவர்க்கு மட்டுமன்றி, அம்மண்ணில் வாழும் யாவர்க்கும் கதவு திறந்த ஒன்றைச் சாக்ஸன்கள் விட்டுச்சென்றார்கள். அவர்கள் சென்ற பின்னும் அக்கதவு திறந்தே இருக்கிறது.