தாடையின் வரலாறும் தோட்டத்தின் வரலாறும்

எழுத்துகளின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர் நெஞ்சு, மிடறு, தலை என்னும் மூன்று நிலைக்களங்களையும் நா, பல், இதழ், அண்ணம், மூக்கு என்னும் ஐந்து உறுப்புகளையும் குறிக்கின்றார். இவ்வெட்டினுள் தாடை இடம்பெறவில்லை. பல்லைத் தாங்குவதும் நாவுக்குக் களம் அமைப்பதும் தாடையே. எனினும் அது ஒழுங்காக இயங்கும்வரை எவர் கவனத்துக்கும் வருவதில்லை. உழைப்பாளியைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உவமையில் நெடுநேரம் தங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மேற்றாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாத நிலையைச் சத்திரசிகிச்சையாலும் பற்சீராக்கத்தாலும் திருத்தும் கலை உலகில் வளர்ந்த விதத்தையும், ஏறத்தாழ அதே காலப்பகுதியில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் உருவாகி நிலைபெற்ற பெருந்தோட்டத்தில் தொழிலாளரின் வாய்க்கும் தாடைக்கும் நேர்ந்ததையும் அருகருகே வைத்து நோக்குவதே எனது எண்ணம். மருத்துவ நூலைத் திறக்க இலக்கிய மாணவனுக்கு என்ன உரிமை என்ற வினாவுக்குக் கட்டுரையின் முடிவில் ஒரு விடை உண்டு.

தாடைத் திருத்தச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாக 1849ஆம் ஆண்டில் தொடங்குவர். ஐக்கிய அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் என்பவர், தீக்காயத் தழும்பின் இழுப்பினால் கீழ்த்தாடையின் முன்பகுதி முன்தள்ளிப்போன ஓர் இளம்பெண்ணுக்கு எலும்பை அறுத்துப் பின்தள்ளிப் பொருத்தினார். 1897இல் சென்ட் லூயிஸ் நகரில் வில்ரே பிளேயர், நீண்டு துருத்திய கீழ்த்தாடை முழுவதையும் குறுக்கும் சிகிச்சையைச் செய்தார். அச்சிகிச்சையுடன் தொடர்புடையவரே பற்சீராக்கவியலின் தந்தை எனப் போற்றப்படும் எட்வேர்ட் ஆங்கிள். 1899இல் அவர் பற்பொருத்தக் கோளாறுகளை முதற் கடைவாய்ப்பல்லை அளவுகோலாகக் கொண்டு மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் உலகெங்கும் பல்மருத்துவ மாணவர் முதலிற் பயில்வது அவ்வகுப்புமுறையையே. ஒழுங்கான முகத்துக்கு ஆங்கிள் காட்டிய இலட்சியம் ஒரு கிரேக்கச் சிலை: பெல்வெடேர் அப்பல்லோ. சலவைக்கல்லிற் செதுக்கிய ஒரு தேவனின் பக்கத்தோற்றத்தை மனிதகுலத்தின் அளவுகோலாக்கியதில் ஐரோப்பிய மேட்டிமையின் அழகியல் வெளிப்படையாகவே தெரிகிறது. பின்வந்த அறிஞர்கள் இவ்வளவுகோலைப் பலவாறு திருத்தினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்துறையின் பெருந்திருப்பம் 1957இல் ட்ரவுனர், ஒப்வெகெசர் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையாகும். கீழ்த்தாடையின் மேலெழும் பகுதியை வாயின் உட்புறமாகவே, முகத்தில் தழும்பு எதுவும் விழாமல், நெடுக்குவாட்டில் இரு பலகைகளாகப் பிளந்து வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் முறை அது. அடுத்த இரு தசாப்தங்களுள் மேற்றாடையையும் பெயர்த்து நகர்த்தும் துணிவு பிறந்தது. ஆயின் கத்தி இங்கு பாதி வேலையையே செய்கிறது. தாடையின் வளர்ச்சி முடியும் வயதுவரை காத்திருத்தல், பற்களைக் கம்பியிட்டு ஓராண்டோ அதற்கு மேலோ ஒழுங்குபடுத்தல், சில வாரங்களுக்கொருமுறை மருத்துவரிடம் சென்றுவரல், பிறகே அறுவை, அதன்பின் மீண்டும் கம்பி. உலோகத் தகடுகளும் திருகாணிகளும் வழக்கிற்கு வருமுன்னர் அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஆறு வாரம் இரு தாடைகளையும் கம்பியாற் பிணைத்துவைப்பர். நோயாளி நீராகாரத்திலேயே வாழவேண்டும். இச்சிகிச்சையின் முதன்மையான மூலப்பொருள் எலும்போ உலோகமோ அன்று, நேரமே. அதுவும் கூலி இழக்காத நேரம்.

தோட்டத்தில் நேரம் எவ்வாறு அளக்கப்பட்டது? செக்ரோலில் பெயர் விழுவதே நாள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலையே இல்லாது போகலாம். இவ்வொழுங்கினுள் மாதந்தோறும் ஒரு நாளைக் கடைவாய்ப்பல்லுக்காக ஒதுக்கும் மனிதன் கற்பனைக்கும் எட்டாதவன்.

தோட்டத்தில் மருத்துவமே இருக்கவில்லை என்று கூறுவது வரலாற்றுக்கு மாறாகும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட ஐந்தாண்டுகளுள், 1872இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச்சட்டம் வந்துவிட்டது. 1912இல் அது மீண்டும் விரிவாக இயற்றப்பட்டது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்பு தோட்டங்களிலேயே தொடங்கிற்று. ஏன் கொக்கிப்புழு? அது இரத்தத்தைக் குறைக்கிறது. இரத்தம் குறைந்தால் உழைப்புச் சக்தி குறைகிறது. உழைப்புச் சக்தி குறைந்தால் கொழுந்து குறைகிறது. இத்தொடர்பு துரைமாருக்கும் கம்பனிகளுக்கும் எளிதில் விளங்கிற்று. ஈறு வீங்கியவனோ, பல் ஆடியவனோ, தாடை கோணியவனோ கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கத் தடையேதும் இல்லை. உழைப்புச் சக்தியின் மறு உற்பத்திக்கு எவ்வுறுப்பு வேண்டுமோ அவ்வுறுப்பே மருத்துவத்தின் கண்ணிற் பட்டது. குடியேற்றவாத மருத்துவத்தைத் தனிமனிதரின் கருணை, கொடுமை என்னும் சொற்களால் விளக்கமுயல்வோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

சுதந்திர இலங்கையில் நிலைமை மாறியிருக்க வேண்டும். இலவச மருத்துவம் வந்தது. பல்மருத்துவக் கல்வி 1950களில் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்து, நெடுங்காலம் நாட்டின் ஒரேயொரு பல்மருத்துவப் பட்டப்படிப்பாக அங்கு வளர்ந்தது. நுவரெலியா மாவட்டம் அடங்கிய அதே மத்திய மாகாணத்தில், பூண்டுலோயாவிலிருந்து கம்பளை வழியாக இறங்கினால் அடையக்கூடிய இடத்தில், தாடையையும் பல்லையும் கற்பிக்கும் நிறுவனம் இருந்தது. ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியிருந்தது. தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் பொறுப்புக்கு வரத்தொடங்கின. மலையடிவாரத்துக் கல்வி மலையேறாமைக்குப் பாதையின் செங்குத்து காரணமன்று.

மலையேறியவர்கள் வேறு சிலர். 1970இல் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவரது குழுவினரும் டன்சினன், ஹரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களில் 14 வயது முதல் முப்பதை ஒட்டிய வயது வரையிலான 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தனர். (டன்சினன் என்பது ஷேக்ஸ்பியரின் மக்பெத்தில் வரும் குன்றின் பெயர். அந்நாடகத்தில் காடு நடந்து குன்றை நோக்கி வருகிறது. இங்கே காடு அழிந்து குன்று தேயிலையாயிற்று. பெயரிட்ட ஸ்கொத்லாந்துத் துரை நாடகத்தைப் படித்தவரோ, ஊர் நினைவில் வாடியவரோ.) 1971, 1973, 1977, 1979, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் அவ்வாய்கள் அளக்கப்பட்டன. ஒப்பீட்டுக்காக ஒஸ்லோவில், சிறுபராயம் முதல் ஒழுங்கான பற்சிகிச்சை பெற்ற 565 மாணவரும் கல்வியாளரும் அதே முறையில் அளக்கப்பட்டனர். உலகப் பல்மருத்துவம் ஈற்று நோய் பற்றி இன்று அறிந்துள்ளவற்றுட் கணிசமான பகுதி இவ்வாய்விலிருந்து கிடைத்ததாகும். லோ பின்னர், 1983 முதல், ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பல்மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார்.

ஆய்வின் பேறுகள் துலக்கமானவை. நாற்பது வயதை அணுகும் ஒஸ்லோ மனிதனின் பல்லைப் பற்றிநிற்கும் இழையம் சராசரி 1.5 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக அழிந்திருந்தது. அதே வயதுத் தோட்டத் தொழிலாளனுக்கு 4.5 மில்லிமீற்றர். 1986இல் வெளிவந்த கட்டுரை தொழிலாளரை மூன்று பிரிவினராக வகுத்தது. 100க்கு ஏறத்தாழ 8 பேருக்கு அழிவு விரைவானது. 81 பேருக்கு நடுத்தரமானது. 11 பேருக்கு ஈற்றழற்சிக்கு அப்பால் நோய் செல்லவில்லை. பற்சொத்தை அநேகமாக இல்லவேயில்லை. விரைவுப் பிரிவினர் 40 வயதில் 20 பற்களை இழந்திருந்தனர். 45 வயதில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. நோய்க்கு ஆளாகும் இயல்பு ஆளுக்காள் வேறுபடும் என்னும் உண்மை இதனால் நிலைநாட்டப்பட்டது. இது மெய்யான விஞ்ஞானச் சாதனை. அதைக் குறைத்து மதிப்பிடல் தகாது.

என்னைத் தடுத்து நிறுத்துவது ஆய்வின் தலைப்பே. மனிதனில் ஈற்று நோயின் 'இயற்கை வரலாறு' என்று அதற்குப் பெயர். நோய்த்தடுப்போ சிகிச்சையோ சார்ந்த எத்திட்டத்துக்கும் என்றும் உட்படாதவர்கள் இத்தொழிலாளர் என்று ஆய்வாளரே குறிப்பிடுகின்றனர். அத்தகுதியே அவர்களை விஞ்ஞானத்துக்கு அரியவராக்கிற்று. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுப் பெருந்தோட்ட ஆட்சியும், குடியுரிமைப் பறிப்பும், நாட்கூலியும் சேர்ந்து உண்டாக்கிய வெறுமை எவ்வாறு இயற்கையாகும்? சிகிச்சையின்மை பாறையைப்போல அங்கு கிடந்த ஒன்றன்று, அது உண்டாக்கப்பட்டது. மனிதர் தமக்கிடையே வகுத்த உறவுகளைப் பொருள்களின் இயல்பாகக் காண்பது பற்றி மார்க்ஸ் கூறியது பண்டத்துக்கு மட்டுமன்றிப் பல்லுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களிடம் மேகநோயைச் சிகிச்சையின்றிக் கவனித்த ஆய்வு சிலருக்கு நினைவு வரலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. அங்கே மருந்து கிடைத்த பின்னும் அது நோயாளருக்கு மறைக்கப்பட்டது. மலையகத்தில் எவரும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

480 பேருள் 1985இல் எஞ்சியோர் 161 பேர். ஆய்வுக் கட்டுரையில் இது ஓர் எண். அப்பதினைந்து ஆண்டுகளை வரலாற்று மாணவன் வேறுவிதமாக வாசிப்பான். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. 1973-74இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களின்போதும் அதன்பின்னும் பல தோட்டங்களிற் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1977இலும் 1983இலும் வன்செயல். ஒவ்வொருவரும் எவ்வழியிற் சென்றார் என்பதைப் பல்லின் அளவீடு கூறாது.

தாடைக்குத் திரும்புவோம். பற்கள் முழுவதும் உதிர்ந்தபின் அவற்றைத் தாங்கிய எலும்பு மேடு கரைகிறது. வாயை மூடும்போது கீழ்த்தாடை இயல்பான எல்லையைக் கடந்து மேலெழுந்து முன்தள்ளுகிறது. முகத்தின் கீழ்ப்பகுதி குறுகுகிறது. முகவாய் மூக்கை நோக்கி நீளுகிறது. நாம் பொக்கைவாய் என்று சிரித்துக் கடந்துவிடும் தோற்றம் இதுவே. சூரிச் நகரில் ஒப்வெகெசர் எலும்பைப் பிளந்து பின்தள்ளிய துருத்திய தாடைக்கு ஒப்பான ஒரு தோற்றத்தைப் பூண்டுலோயாவில் 45 வயது மனிதன் சிகிச்சையின்மையாலேயே பெற்றான். முன்னையது பிறவி வளர்ச்சியின் கோளாறு. பின்னையது சமூகத்தின் கோளாறு எலும்பில் எழுதிய எழுத்து. தாடைச் சத்திரசிகிச்சையை மலையகத்தவர் அறியவந்தது பெரும்பாலும் வாய்ப்புற்றுநோயின் வழியாகவே, அதாவது தாடையைத் திருத்த அன்றி அகற்றவே, என எண்ண இடமுண்டு. இங்கு வெற்றிலையையும் புகையிலையையும் பழிப்போர் பலர். அவற்றின் தீங்கு ஐயத்துக்கு இடமற்றது. குளிர்மலையில் பசியை ஒத்திப்போட மலிவாகக் கிடைத்தது வேறென்ன என்பதையும் சேர்த்தே அவர்கள் கேட்கலாம்.

2010இல் ஆய்வாளர் மீண்டும் வந்தனர். நாற்பது ஆண்டுகளின் பின் 75 பேரைக் கண்டறிந்து பரிசோதித்தனர். பேறு 2017இல் வெளியாயிற்று. அந்த 480 பேரும் ஆண்கள் என்பதை முன்னரே குறித்தேன். கொழுந்து பறித்து அத்தொழிலைத் தாங்கிய பெண்களின் வாயைப் பற்றி அவ்வட்டவணைகளில் எதுவும் இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை தொடக்கிவைத்த வழியில் நாட்டார் பாடல் சேகரிக்க நானும் சில லயங்களுக்குச் சென்றதுண்டு. ஒரு தோட்டத்தில் முதிய பெண்ணொருவர் தாலாட்டும் ஒப்பாரியுமாக ஒரு மாலை முழுவதும் பாடினார். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுகையில் அவரது வகரம் இதழ்கள் இரண்டும் சேர்ந்து பிறப்பதையும், தகரம் நெகிழ்வதையும் அவதானித்து, இவை அப்பிரதேசக் கிளைமொழியின் ஒலியியற் கூறுகளாகலாம் என்று ஓரத்திற் குறித்து, மூதாதையர் வந்த தமிழ்நாட்டு மாவட்டங்களோடு ஒப்பிடும் ஆயத்தத்தில் இருந்தேன். வகரத்துக்கு மேற்பல்லும் கீழிதழும் வேண்டும் என்பது தொல்காப்பியம் படித்த எவருக்கும் தெரியும். அவருக்கு மேல்வாயிற் பல் இல்லை. அன்று மாலை முழுவதும் அவர் எதிரிலேயே அமர்ந்திருந்தும் அது என் குறிப்பேட்டில் ஏறவில்லை. அந்தக் குறிப்பைப் பின்னர் அடித்துவிட்டேன்.