மூலமும் கோலமும்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த முன்னோர் பட்ட பாடுகளுள் ஒன்று, மூலத்தையும் உரையையும் பிரித்தறிவது. ஓலையில் புள்ளி இராது, பத்தி இராது, மூலம் முடிந்து உரை தொடங்கும் இடத்திற்கு அடையாளமும் பெரும்பாலும் இராது. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் இச்சிக்கலை எல்லாம் அவிழ்த்தே அச்சேற்றினார். தமிழ் இணையத்தள வரலாற்றிலும் இதனையொத்த சிக்கல் ஒன்று உண்டு. அங்கே பின்னிக் கிடந்தவை எழுத்தும் அதன் தோற்றமும்.

1990களின் பிற்பகுதியில் தளம் அமைத்தோர் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதினர். நிறுவனத்திற்கு ஓர் எழுத்துரு என்றிருந்த காலம். திரையில் 'அ' எனத் தெரிவது கோப்பினுள் ஏதோ ஓர் ஆங்கில எழுத்தாகவோ குறியாகவோ இருந்தது. உரிய எழுத்துரு இல்லையேல் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளே. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து டாம், டாப் குறியாக்கங்கள் தமிழகத்தில் தரமாயின. டிஸ்கியும் உடன் வழங்கியது. 1991 முதலே யூனிகோடில் தமிழுக்கு இடமிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது மெல்லப் பரவியது. தமிழக அரசு அதனை ஏற்றது 2010இல்.

இதற்கிடையே தளம் அமைக்கும் முறையே மாறியது. 2001இல் ட்ருபல், 2003 மே மாதத்தில் வேர்ட்பிரஸ், 2005இல் ஜூம்லா என உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் வந்தன. செய்தி தரவுத்தளத்தில் தனியே இருக்கும். அதன் கோலம் வார்ப்புருவில் தனியே இருக்கும். கோலத்தை மாற்றினாலும் மூலம் கெடாது.

ஜி.எஸ்.டி. சாலையில், எஸ்.ஆர்.எம். கல்வி வளாகத்தை ஒட்டிய பொத்தேரியில், படித்து முடித்த இளைஞர் சிலர் ஓரறையில் இரு கணினிகளுடன் இத்தொழிலில் இறங்கியதை நாம் அருகிருந்து கண்டோம். பள்ளிக்கு அறிவிப்புப் பலகை வேண்டும். திருமண மண்டபத்திற்கு நாள்காட்டி. மனை விற்போருக்குப் படங்கள். கோயிலுக்குத் திருவிழா நிரல். ஒரே மென்பொருள் நால்வருக்கும் நான்கு கோலம் தந்தது. தளத்தை ஒப்படைத்த பின், உரியவரே செய்தியைத் திருத்திக்கொள்ளவும் முடிந்தது.

அவர்களிடமே நம் துறையிதழின் பழைய தளத்தையும் புதுப்பிக்கத் தந்தோம். புதுத்தளம் அழகாக வந்தது. கட்டுரைகளோ குறிக்குவியலாக நின்றன. பழைய எழுத்துருவின் பெயர் எவருக்கும் நினைவில்லை. அச்சுப்படி கிடைத்தவற்றை மாணவர் மீண்டும் தட்டச்சிட்டனர், கிடைக்காதவை போயின. பிழை அவ்விளைஞருடையதன்று. நிறமும் முகப்பும் கேட்ட நாம் மூலத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் கோலத்தைப் பொருட்படுத்தவில்லை. அதன் நூல்கள் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குப் பெயர்ந்து இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

மென்பொருள் மூலத்தைப் பிரித்து வைக்குமேயன்றித் தானே காத்து நிற்காது. வழங்கிக்கான ஆண்டுக் கட்டணம் தவறினால் தரவுத்தளமும் மறையும். ஆகவே தளம் அமைக்கத் தருவோர், யூனிகோடில் முழுப்படி ஒன்றையும் கேட்டுப் பெற்று ஈரிடத்தில் வைத்தல் வேண்டும். சுவடி செல்லரிக்குமுன் படியெடுத்து வைத்தவர்களால்தான் நமக்குச் சிந்தாமணி கிடைத்தது.