குற்றவாளிக் கூண்டில் ஒரு கம்பெனி

கும்பக்கரை அருவியில் குளிக்காதவர் நம் குடியிருப்பில் அநேகமாக இருக்க மாட்டார். கொடைக்கானல் மலையில் பிறந்து வரும் பாம்பாறுதான் அங்கே அருவியாக விழுகிறது. அந்தப் பாம்பாற்றுச் சோலைக்கு மேலே ஒரு காலத்தில் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இருந்தது தெரியுமா?

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் ஓடிய ஆலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய பொருள் கடை ஒன்றில் கிடந்தது அம்பலமானது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2016இல் 591 பேருக்குப் பணம் தர நிறுவனம் உடன்பட்டது. மனிதாபிமானத்தால் தருகிறோம் என்றதே தவிர, பாதரசம்தான் காரணம் என்று அது ஏற்கவில்லை.

ஒருவர் இன்னொருவரை அடித்தால் போலீஸ் யாரைப் பிடிப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு கம்பெனியால் உயிர் போனால்?

நம் குற்றவியல் சட்டத்தின் தாய்வீடான இங்கிலாந்தே இதில் தடுமாறியது. 1987இல் முன்கதவு மூடாமல் கிளம்பிய பயணிகள் கப்பல் ஒன்று பெல்ஜியக் கரையோரம் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். தவறு பலரிடம் சிதறிக் கிடந்தது. உயர் அதிகாரி ஒருவர் மீதாவது தனியாகக் குற்றம் நிரூபணமானால்தான் கம்பெனியைத் தண்டிக்க முடியும் என்பது அன்றைய விதி. 1990இல் வழக்கு விழுந்தது. நிர்வாகம் நடந்த முறையையே குற்றமாகப் பார்க்கும் சட்டம் அங்கே 2007இல்தான் வந்தது.

நம் நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. போபால் வழக்கில் 2010இல் கிடைத்தது, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான இரண்டு ஆண்டு தண்டனைதான். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் அதை ஐந்து ஆண்டு வரை உயர்த்தியிருக்கிறது. கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாவிட்டாலும் விசாரித்து அபராதம் விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கதை என்று நினைக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அந்தச் சட்டத்தில் 'கம்பெனி' என்ற சொல்லுக்குள் நபர்கள் சேர்ந்த சங்கமும் அடங்கும். பொறுப்பில் இருப்பவர்களே பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை நம் தொட்டி நிறையும்போது, செலவு குறையும் என்று யாராவது ஆளைக் கூட்டி வந்தால் நீங்களே தடுத்து நிறுத்துங்கள். உறிஞ்சும் லாரியை வரச் சொல்லுங்கள். உயிர் போன பிறகு, இறக்கச் சொன்னது யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை.