தவறு செய்ய இடமுள்ள ஆட்டம்: ரம்மியும் இந்தியச் சட்டமும்

ஐதராபாத்துக்கு ஆய்வு மாணவனாக வந்த முதல் ஆண்டில் விடுதி நண்பர்கள் எனக்கு ரம்மி கற்றுக்கொடுத்தனர். மூன்றாவது ஆட்டத்திலேயே சீட்டுகளைப் பெருமிதத்தோடு விரித்து வைத்து, 'டிக்ளேர்' என்றேன். பதின்மூன்று சீட்டுகளும் ஒழுங்காகச் சேர்ந்துவிட்டன என்று நம்பியிருந்தேன். ஆனால் கையிலிருந்த இரண்டு வரிசைகளிலும் ஜோக்கர் இருந்தது; ஜோக்கர் கலவாத வரிசை ஒன்றுகூட இல்லை. 80 புள்ளிகள் என் கணக்கில் ஏறின. எதிரே இருந்த மூத்த ஆய்வாளர் சிரித்துக்கொண்டே, "கவலைப்படாதீர்கள் தம்பி, எல்லோரும் ஒருமுறை இப்படித்தான் தோற்போம்" என்றார்.

சில ஆண்டுகள் கழித்து, ரம்மி பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றைப் படித்தபோது அந்த இரவு நினைவுக்கு வந்தது. ரம்மி சூதாட்டமா இல்லையா என்று இந்தியாவில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்காடலின் அடியில் இருப்பது, புதிதாக ஆடவந்தவர் செய்யும் தவறுதான். தவறு செய்ய இடமில்லாத ஆட்டத்தில் திறனுக்கும் இடமில்லை. ஆனால் அந்தத் தவற்றின் விலையை யார் செலுத்துகிறார், யார் பெற்றுக்கொள்கிறார் என்னும் கேள்வியைச் சட்டம் நெடுங்காலம் போதிய அளவு கேட்கவில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

முதலில் தவறுகளைப் பார்ப்போம். இந்தியாவில் பெருவழக்காக உள்ள பதின்மூன்று சீட்டு ரம்மியில், குறைந்தது இரண்டு வரிசைகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் ஜோக்கரின் துணையின்றி அமைந்திருக்க வேண்டும். புதியவர் செய்யும் முதல் தவறு, ஜோக்கர் கைக்கு வந்த மகிழ்ச்சியில் இந்த விதியைத் தள்ளிப்போடுவது. இரண்டாவது, ராஜா, ராணி, ஏஸ் போன்ற சீட்டுகளைக் கைவிட மனமின்றி வைத்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி என்பதால், எதிராளி முந்திக்கொண்டால் தண்டனை அங்கேதான் குவியும். மூன்றாவது, திறந்து கிடக்கும் சீட்டை ஆசைப்பட்டு எடுத்து, தன் கையில் எது உருவாகிறது என்பதை எதிராளிக்குத் தானே அறிவிப்பது. நான்காவது, தொடக்கத்திலேயே விலகவேண்டிய மோசமான கையோடு இறுதிவரை போராடுவது.

எல்லாவற்றினும் பெரிய தவறு, கீழே விழும் சீட்டுகளை நினைவில் வைக்காமல் இருப்பது. இரண்டு சீட்டுக்கட்டுகளை வைத்து ஆடுகிறோம் எனக் கொள்வோம். ஆட்டின் 5, 7 இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் 6-க்காகக் காத்திருப்பவருக்கு, ஜோக்கரை விட்டுவிட்டால், உதவக்கூடிய சீட்டுகள் இரண்டே இரண்டு. 6, 7 வைத்திருப்பவருக்கோ 5-உம் உதவும், 8-உம் உதவும். ஆக நான்கு சீட்டுகள். முன்னவர் வேண்டும் இரண்டு 6-உம் ஏற்கெனவே கீழே விழுந்துவிட்டிருந்தால், அவர் காத்திருப்பது வராத ஒன்றுக்காக. நினைவுள்ளவர் அந்த இரண்டையும் உடனே கைவிடுவார். நினைவில்லாதவர் ஆட்டம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, 'கை அமையவில்லை' என்பார்.

இந்தத் தொடரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

இனிச் சட்டத்துக்கு. 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம், சூதாட்ட விடுதி நடத்துவதையும் அங்கே ஆடுவதையும் குற்றமாக்கியது. அதன் 12-ஆம் பிரிவு ஒரு விலக்கு அளித்தது. அந்த விலக்குக்கு உரிய ஆட்டங்களைக் குறிக்க, திறன் என்னும் சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'மியர்' என்னும் அடையைச் சேர்த்திருந்தனர். நிஜாம் ஆட்சியில் பசலி 1305-இல் இயற்றப்பட்ட ஐதராபாத் சூதாட்டச் சட்டமும், சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே அடையைக் கையாண்டன.

மொழியியல் படித்தவனுக்கு இந்த அடையைக் கடந்துபோக முடியவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் 'மியர்' என்றால் 'வெறும்', 'அற்பமான' என்னும் பொருளே முந்திக்கொண்டு வரும். அதன் இலத்தீன் மூலமான 'மேருஸ்' என்பதற்குக் கலப்பற்றது என்று பொருள். நீர் கலக்காத திராட்சை மதுவுக்கு அச்சொல் வழங்கியது. அப்படியானால் சட்டம் விலக்களித்தது 'கலப்பற்ற திறன்' ஆட்டங்களுக்கு. ஆனால் சீட்டைக் கலைத்துப் போட்டு ஆடும் எந்த ஆட்டத்திலும் வாய்ப்பு கலக்காமல் இருக்குமா? சொல்லை அதன் மூலப் பொருளிலேயே எடுத்துக்கொண்டால் சதுரங்கம் தப்பும், ரம்மி தப்பாது.

நீதிமன்றங்கள் அச்சொல்லை நெகிழ்த்தின. 1957-இல் சமர்பாக்வாலா வழக்குகளில், பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை முன்னிட்டு, பெருமளவு திறனைச் சார்ந்த போட்டிகளைச் சூதாட்டத்தினின்றும் உச்ச நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. கலப்பற்றது என்பது 'பெரும்பான்மையும்' என்று பொருள் மாறத் தொடங்கியது. ஒரு சொல்லின் பொருள் மாற்றம் ஒரு தொழிலின் பிறப்புக்கு வழிவிடும் என்று அன்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ரம்மியின் முறை வந்தது செகந்தராபாத்தில். 1963 மே 4 அன்று அங்கிருந்த கிரெசென்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் காவல்துறையினர் சோதனை நடத்தி, பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தனர். நடுவர் நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1967 நவம்பர் 22 அன்று வழங்கப்பட்ட சத்யநாராயணா வழக்குத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இதாயத்துல்லா.

அவர் காட்டிய காரணங்களைக் கவனியுங்கள். மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க வாய்ப்பைச் சார்ந்தது, ரம்மி அப்படியன்று. விழும் சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்பதற்குக் கணிசமான திறன் வேண்டும். சீட்டு கலைத்துப் போடப்படுவதால் வரும் வாய்ப்பு பிரிட்ஜ் ஆட்டத்திலும் உள்ளதுதான். ஆகவே ரம்மி பெரும்பான்மையும் திறன் சார்ந்த ஆட்டம். அவர் திறன் என்று குறிப்பிட்ட ஒவ்வொன்றும், நான் மேலே அடுக்கிய தவறுகளின் மறுபக்கமே. புதியவர் மறப்பதைத்தான் தேர்ந்தவர் நினைவில் வைக்கிறார். புதியவர் கைவிட மறுப்பதைத்தான் தேர்ந்தவர் கழிக்கிறார்.

ஆனால் அத்தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. கிளப்போ வீட்டு உரிமையாளரோ அந்த ஆட்டத்திலிருந்து இலாபம் ஈட்டுவதாகச் சான்று இருந்தால், குற்றம் நிறுவப்படலாம் என்று நீதிபதி எழுதினார். சீட்டுக்கும் பிற வசதிகளுக்கும் வாங்கும் அளவான கட்டணம் இலாபம் ஆகாது. ஆட்டத்தின் மீதே வருவாய் பார்ப்பது வேறு. பிற்காலத்தில் பொதுவெளியிலும் விளம்பரங்களிலும் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டது தீர்ப்பின் முதற்பகுதி. இந்த இரண்டாம் பகுதி அந்த அளவுக்கு எவர் நாவிலும் ஏறவில்லை. 1996-இல் குதிரைப் பந்தயம் பற்றிய லட்சுமணன் வழக்கில் 'பெரும்பான்மையும் திறன்' என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் மேலும் உறுதிப்படுத்தியது. மேற்கோள்களின் வரலாற்றில் இது புதிதன்று: வாக்கியம் பயணம் செய்யும், அதன் நிபந்தனை பிறந்த ஊரிலேயே தங்கிவிடும்.

அந்த வாக்கியம் கிளப்பிலிருந்து கைப்பேசிக்குப் பயணம் செய்தபோதுதான் விடுபட்ட பகுதியின் எடை தெரிந்தது. மேசையைச் சுற்றி ஆடும் ஆட்டத்தில் புதியவரின் தவறுக்கு ஓர் எல்லை உண்டு. எதிரே இருப்பவர் தெரிந்த முகம். தவற்றைச் சொல்லித் திருத்துவார். விடிந்தால் கலைந்து போவார்கள். கைப்பேசியில் எதிராளி முகமற்றவர். ஒவ்வொரு முறைக்கும் நொடிக்கணக்கில் நேரம். நினைத்துப் பார்க்க வேண்டிய ஆட்டத்தில் நினைக்கவே அவகாசம் குறைவு. ஓர் ஆட்டம் முடிந்த கணமே அடுத்த மேசை காத்திருக்கும். ஒவ்வோர் ஆட்டத் தொகையிலிருந்தும் ஆட்டத்தை நடத்துபவருக்கு ஒரு பங்கு போகும். வெல்பவர் மாறலாம், அந்தப் பங்கு மாறாது. 1967-இன் தீர்ப்பு குற்றத்துக்கு வழி என்று சுட்டிக்காட்டியதே தொழிலின் அடித்தளமாயிற்று.

எங்கள் விடுதியில் ஒருவர் உதவித்தொகை வந்த வாரத்திலேயே அதைக் கைப்பேசியில் இழந்தார். ஒருமுறையன்று, பலமுறை. ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது ஒன்றுதான்: கை அமையவில்லை. புதியவரின் ஆகப்பெரிய தவறு இதுவே. தன் பிழையைத் தன் அதிர்ஷ்டக் குறைவு என்று பெயரிட்டுக்கொள்பவர், அதிர்ஷ்டம் திரும்பும் என்று மீண்டும் அமர்கிறார். சட்டத்தின் முன் அதே ஆட்டத்துக்கு இருந்த பெயரோ திறன். நீதிமன்றத்தில் ஒரு சொல்லும் தோற்றவர் மனத்தில் மறு சொல்லும் இருந்த அந்த இடைவெளியில்தான் பணம் கைமாறியது.

திறன் ஆட்டம் என்பதாலேயே பணம் வைத்து ஆடுவது நியாயம் என்ற தருக்கத்தின் பலவீனமும் இதுதான். முழுக்க வாய்ப்பைச் சார்ந்த ஆட்டத்தில் புதியவரும் தேர்ந்தவரும் ஏறத்தாழச் சமம். திறன் மிகமிக, புதியவர் தோற்பது உறுதியாகிறது. அவருடைய இழப்பு பிறருக்கு நிலையான வருவாயாகிறது. நம் மரபில் இதற்குப் பழைய சாட்சி உண்டு. மகாபாரதத்தின் சபா பருவத்தில், தருமனுக்குச் சூதில் விருப்பம் உண்டு, ஆடத் தெரியாது என்பதைக் காட்டியே சகுனி துரியோதனனுக்கு நம்பிக்கையூட்டுகிறான். அவன் திட்டம் முழுவதும் எதிராளியின் திறனின்மை மீது எழுந்தது. தமிழில் 'சூது' என்னும் சொல் ஆட்டத்தையும் வஞ்சனையையும் ஒருங்கே குறிக்கும். திறன், வாய்ப்பு என்னும் பிரிவினை அச்சொல்லுக்குள் இல்லை.

சட்டமன்றங்கள் இதைத் தாமதமாகவே எதிர்கொண்டன. எந்த மண்ணில் சத்யநாராயணா வழக்கு பிறந்ததோ அந்தத் தெலங்கானாவே 2017-இல் திறன் ஆட்டங்களுக்கான விலக்கை நீக்கி இணைய ரம்மியைத் தடை செய்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகியவையும் தடையை நாடின. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றமும், அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமும், 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றமும் அத்தடைகளைச் செல்லாதனவாக்கின. தமிழ்நாடு புதிய சட்டம் இயற்றியது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்ததை ஏற்கவில்லை. 1967-இன் வாக்கியம் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த வாக்கியத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அம்மாதம் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறனாயினும் வாய்ப்பாயினும் இரண்டும் கலந்ததாயினும், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து இணையத்தில் ஆடும் ஆட்டம் என்றால் அனைத்தும் ஒன்றே என்றது. பல நிறுவனங்கள் உடனே பண ஆட்டங்களை நிறுத்தின. 1867 முதல் சட்டம் சுமந்துவந்த அந்த அடைமொழிக்கு, இணையத்தைப் பொறுத்தவரை, வேலையில்லாமல் போயிற்று.

இச்சட்டம் சரியானதா, தடைதான் தீர்வா என்பதில் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். தடை, ஆட்டத்தைச் சட்டத்தின் பார்வைக்கு அப்பால் தள்ளிவிடும் என்னும் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. நான் சொல்ல விழைவது அதற்கு முந்தைய ஒன்றை. 'இது திறன் ஆட்டமா?' என்னும் கேள்விக்கு 1967-இல் கிடைத்த விடை ஆட்டத்தைப் பற்றிய அளவில் சரியானது. ஆடுபவர்களைப் பற்றிய அளவில் அது பாதி விடை. மறுபாதி அத்தீர்ப்பிலேயே இருந்தது. அதைப் படிக்க நமக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ரம்மி கற்கும் இளைய நண்பர்களுக்கு: ஜோக்கர் இல்லாத வரிசையை முதலில் அமையுங்கள், பெரிய சீட்டுகளை விரைந்து கழியுங்கள், விழுவதை நினைவில் வையுங்கள். தோற்றால், கை அமையவில்லை என்று சொல்லாமல் எங்கே தவறினோம் என்று பாருங்கள். புள்ளிகளைத் தாளில் மட்டும் எழுதுங்கள். எங்கள் விடுதியில் இன்றும் அப்படித்தான். தோற்றவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித்தர வேண்டும், அவ்வளவே. என் 80 புள்ளிகளுக்கு அன்று நான் கொடுத்த விலை ஐந்து குவளை தேநீர்.

மாற்றுக் கருத்து உடையோர், குறிப்பாகச் சட்டம் பயிலும் நண்பர்கள், எழுதுங்கள்.