உத்தியோக உடையும் வெப்பமும்

உடை தட்பவெப்பத்திற்கேற்ப அமைவது என்பர். மலையக வரலாறோ வேறுவிதமாகக் கூறுகின்றது. ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனின் குளிரில் தோட்டத்துரை அரைக்காற்சட்டை அணிந்தார். அவர் அதிகாரத்திற்குக் கோட்டு வேண்டியிருக்கவில்லை. அவ்வதிகாரத்தின் நிழலில் நின்ற பெரிய கங்காணியே கோட்டும் தலைப்பாகையும் தரித்தார். கொழுந்து பறித்த பெண்ணுக்குத் தலையிலிட்ட கம்பளியே குளிர்காப்பு. அதே ஆட்சியில், வெக்கை மிகுந்த கொழும்பின் எழுதுவினைஞர் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வியர்த்தனர். எனவே, உடையை வகுத்தது வெயிலன்று, பதவியே எனலாம்.

1956 இல் பதவியேற்ற பண்டாரநாயக்கா அரசு தேசிய உடைக்கு மதிப்பளித்தது; ஆயினும், மேனாட்டு உடையே அலுவலகங்களில் நிலைத்தது. 2005 இல் யப்பானிய அரசு, கோடையில் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் தவிர்த்து, குளிரூட்டியை 28 பாகை செல்சியசில் வைக்குமாறு வேண்டியது. அதனால் அங்கு அலுவல்கள் நின்றுவிடவில்லை.

1884 இல் ஹட்டனை அடைந்த புகையிரதப் பாதை தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. தேயிலை சென்ற திசையிலேயே இன்று தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் உத்தியோகம் நாடிச் செல்கின்றனர். முதற் சம்பளத்தின் முன்னரே கடன்பட்டு நீள்கைச் சட்டையும் சப்பாத்தும் வாங்குவோர் அவருள் உளர். தூய பருத்திச் சட்டை தகுதிக் குறைவன்று. உடையில் தகுதியைத் தேடியது குடியேற்ற ஆட்சி. வேலையில் தேடுவது நம் கடன்.