புரியல தாத்தா!



கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு பெட்டி கொண்டுவந்தான். விரலளவு பொம்மை வீரர்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. பொம்மைகளுக்கு வண்ணம் பூச இரண்டு நாள். விதிப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியது நான்கு நாள். படையை நகர்த்தும் விதி ஓரிடத்தில், நகர்ந்தபின் சுடலாமா என்பது பல பக்கம் தள்ளி. "புரியல தாத்தா" என்று மூடி வைத்துவிட்டான். இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இந்தத் தொல்லைக்கு வயது 200. பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை உருவாக்கிய போர் விளையாட்டைத் திருத்தி, 1824இல் விதிகளை வெளியிட்டார். படைப்பிரிவுகளுக்குச் சிறு கட்டைகள், ஒரு சுற்றுக்கு 2 நிமிடப் போர், சேதத்தைக் கணக்கிடப் பகடையும் அட்டவணையும். ராணுவ அதிகாரிகளுக்கு இது பயிற்சியாகவே ஆனது. ஆனால் நடுவருக்கு அட்டவணை பார்த்துக் கணக்குப் போடுவதே பெரிய வேலை. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். ராணுவத்துக்கு அது சரி. அப்படி ஒரு நடுவர் இல்லாத வீட்டில் என்ன செய்வது?

அந்தச் சிக்கல் 1974இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டார்கள். பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கான விதிகள் என்றே அட்டையில் போட்டிருந்தார்கள். சண்டை விதிகளுக்கு, 1971இல் வந்த 'செயின்மெயில்' என்ற வேறொரு விதி நூல் வாசகரிடம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கூட ஆடிப் பழகிய நண்பர்களுக்கு எல்லாம் வெளிச்சம். கடையில் வாங்கிய புதியவருக்கோ ஒரே இருட்டு.

எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர், புதியவர்களுக்காக இதைத் திருத்தி எழுதித் தருகிறேன் என்று தாமே முன்வந்தார். 1977இல் அது ஒரே நூலாக வந்தது. முதல் மூன்று நிலைகளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஆடிப் பார்க்க ஒரு மாதிரியும் வைத்தார். அதிலும் குறைகள் உண்டு. ஆனாலும் அதை வைத்தே ஆடக் கற்றவர்கள் ஏராளம்.

'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்பது ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன பாடம். அதை நான் எப்போதும் கடைப்பிடித்தேனா? பின்னக் கணக்கு நடத்தும்போது "புரியல சார்" என்றவனை, "கவனிச்சாத்தானே புரியும்" என்று அதட்டி உட்கார வைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். வீட்டுக் கஷ்டம் ஒரு காரணம். கணக்கும் ஒரு காரணம். நான் பாடத்தை எனக்குத் தெரிந்த வரிசையில் நடத்தினேன், அவனுக்குப் புரியும் வரிசையில் அல்ல. இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால், என்னை மன்னிக்கட்டும்.

பிறகு நானும் பேரனும் ஒரு தாளில் எழுதினோம்: முதலில் நகர்வது, அடுத்து சுடுவது, அப்புறம் சேதம். அரைப் பக்கம்தான். அன்று மாலையே ஆடினோம். தாத்தா தோற்றுப்போனேன்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அதிகாரிகள், பெற்றோர்கள். எதை எழுதிக் கொடுத்தாலும், அது அறவே தெரியாத ஒருவரிடம் முதலில் படிக்கக் கொடுங்கள். அவர் "புரியல" என்றால், திருத்த வேண்டியது உங்கள் தாளைத்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்